குஞ்சம்மாவின் இரத்தம்

டொக்ரர் சிவரூபி அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொன்னாள். தெரியாது. இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நிமலினி அங்கேயே அழுதிருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால் ஊர்காவற்றுறைக்குத் திரும்புகிற வழியில் கோயிலடியில் இறங்கி ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கு விளங்கவில்லை.

"வடிவாச் சொல்லுங்கோ டொக்ரர்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் ஆராய்ச்சிக்கென்று எடுத்திருந்த சின்ன அறை அது. ஒரு மேசை, மூன்று கதிரை, மூலையில் இரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்ப்பெட்டி. சிவரூபி தன் கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்கட அக்காவுக்குப் பாரிசில எடுத்த சோதினையில என்ன வந்ததோ, அதுதான் உங்களுக்கும் வந்திருக்கு. ஒரு மரபணுவில ஒரு எழுத்து மாறியிருக்கு. அந்த மாற்றம் கான்சரைக் கொண்டு வருமோ, சும்மா கிடக்கிற மாற்றமோ எண்டு இண்டைக்கு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது."

"மாறியிருந்தால் பிழைதானே?"

"அப்பிடியில்லை. வாழைப்பழம் எண்டதை ஆரும் வாளைப்பளம் எண்டு எழுதினாலும் உங்களுக்கு விளங்கும்தானே. ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் ஒரு மருந்தை வேண்டாம் எண்டு எழுதவேண்டிய இடத்தில வேணும் எண்டு எழுதினால் ஆளே முடிஞ்சிடும். உங்கட மாற்றம் இதில எந்த மாதிரி எண்டுதான் தெரியேல்லை."

"எப்ப தெரியும்?"

"இந்த மாதிரி விசயங்களுக்கெண்டு பல நாட்டு ஆராய்ச்சியாளர் சேர்ந்து ஒரு பொதுக் களஞ்சியம் வைச்சிருக்கினம். குடும்பம் குடும்பமா ஆக்கள் இரத்தம் குடுத்திருக்கினம். ஆருக்கு வருத்தம் வந்தது, என்ன வயதில வந்தது, ஆருக்கு வரேல்லை எண்ட விபரமும் அதோட இருக்கும். பேர் இருக்காது. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் கேட்டு எடுத்துப் பாக்கலாம். வெள்ளைக்காரக் குடும்பத்தில ஒரு மாற்றம் கண்டால், அதே மாற்றம் இன்னும் கனபேரில இருக்கும். ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லிப் போடுவினம். எங்கட ஆக்கள் அதில நல்லாக் குறைவு. உங்கட மாற்றத்துக்கு இப்ப அதில இருக்கிறது உங்கட அக்காவும் நீங்களும் மட்டும்தான்."

"அம்மாவின்ர இரத்தம் எங்க எடுக்கிறது? அவ செத்து இருபது வருசம். அப்பாவும் இல்லை."

"அம்மாவின்ர பக்கத்தில வருத்தம் வந்து, இப்பவும் உயிரோட இருக்கிற ஆராவது இருக்கினமோ?"

"இல்லை" என்றாள் நிமலினி. அவள் அறிந்த அளவில் அது உண்மைதான்.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது. ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் சங்கத்தில் அவளுக்கு வேலை. காலையில் வள்ளங்கள் வந்ததும் நண்டை நிறுத்துப் பதிந்து கொம்பனி லொறிக்கு அனுப்ப வேண்டும். தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எண் மறந்துபோகும். "அக்கா, இரண்டாந்தரம் நிறுக்கிறியள்" என்று ஆராவது சொல்வார்கள். வீட்டில் கழுவிக் கவிழ்த்த சட்டியை எடுத்துத் திரும்பக் கழுவுவாள். குளிக்கும்போது விரல்கள் தானாக மார்பில் போய்த் தேடத் தொடங்கிவிடும். ஒன்றுமில்லை என்று கையை எடுப்பாள். துவாயைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனபிறகு வலப்பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றும்.

கணவன் றொஜன் கடலுக்குப் போய்வருகிறவன். எதையும் வானம் பார்ப்பதுபோல் பார்த்து, இன்றைக்குப் போகலாம், இன்றைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்துப் பழகியவன்.

"தெரியாது எண்டால் இல்லை எண்டு நினைச்சுக் கொண்டிரும்" என்றான்.

"இருக்கு எண்டு நினைச்சால்?"

"நினைச்சு என்ன செய்யப் போறீர்?"

அவள் எழும்பிப் போய், காய்ந்துவிட்ட உடுப்பை இன்னொரு தரம் உதறி வேறு கொடியில் போட்டாள். ஏழாம் ஆண்டு படிக்கும் மகள் டெல்சி, அம்மாவுக்கு என்ன என்று தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். றொஜன் கண்ணால் சும்மா இரு என்றான்.

அக்கா எமிலி ஞாயிறு பூசைக்குப் பிறகு பாரிசிலிருந்து போன் எடுப்பாள். நிமலினியைவிட ஆறு வயது மூப்பு. நாற்பத்தொன்றில் அவளுக்கு இடது மார்பில் வந்தது. மருந்து ஏற்றி, வெட்டி, தலைமயிர் கொட்டி, திரும்பவும் முளைத்துவிட்டது. அம்மா மேரிசுகந்திக்கு வந்ததும் மார்பில்தான் என்பதால், அங்குள்ள டொக்ரர்மார் மரபணுச் சோதனை செய்தார்கள். தங்கைக்கும் பார்க்க வேண்டும் என்று சிவரூபியின் ஆராய்ச்சிக் குழுவைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டவளும் எமிலிதான்.

"உனக்கும் அதே மாற்றமோ?" எமிலியின் முகம் போன் திரையில் அசையாமல் நின்றது. சிக்னல் நின்றுவிட்டதோ என்று நிமலினி நினைத்தாள். "சரி. அப்ப நான் யோசிச்சது சரிதான்."

"என்ன யோசிச்சனீங்கள்?"

"மற்றப் பக்கத்தையும் எடுக்கப்போறன். சூலகத்தையும் எடுக்கச் சொல்லிப்போட்டன். திகதி குடுத்திட்டினம்."

"அக்கா! தெரியாது எண்டுதானே சொல்லுகினம்?"

"அவையும் அதைத்தான் சொன்னவை. பொறுத்துப் பாக்கலாம், அவசரமில்லை எண்டவை. பொறுக்கிறது நான். எனக்கு இரண்டு பிள்ளையள். திரும்பவும் ஒருக்கா அந்த மருந்துக்குப் போய்ப் படுக்க என்னால ஏலாது."

எமிலி தொடர்ந்தாள்.

"இன்னொண்டு. அம்மா சொல்ல வேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவ. இனியும் வைச்சிருந்து என்ன? குஞ்சம்மாவுக்கும் வந்தது."

குஞ்சம்மா என்று அவர்கள் கூப்பிடும் அஞ்சலா, அம்மாவின் கடைசித் தங்கை. மண்டைதீவில் இருக்கிறாள். நல்ல திடமான பெண். நிமலினி அறிய ஒருநாள் வருத்தமென்று படுத்தது கிடையாது.

"யுத்த நிறுத்தத்தில பாதை திறந்த வருசம் அம்மாவும் குஞ்சம்மாவும் கொழும்புக்குப் போனவை, நினைவிருக்கோ? கர்ப்பப்பையில கட்டி எண்டு சொன்னவை. கட்டி கர்ப்பப்பையில இல்லை. ஒரு பக்கத்தை எடுத்துப்போட்டுத்தான் வந்தவ. அப்ப அவவுக்கு முப்பத்திநாலு வயது. சித்தப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா தான் படுத்த பிறகுதான் எனக்குச் சொன்னவ."

போனை வைத்த கையோடு நிமலினி மண்டைதீவுக்குப் புறப்பட்டாள். றொஜன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். அவள் கேட்கவில்லை. பஸ் வேலணையில் நின்று, அல்லைப்பிட்டியில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு தரிப்பிலும் அவளுக்கு இறங்கி நடந்தால் கெதியாகப் போகலாம் போலிருந்தது. மண்டைதீவுச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தாள்.

அஞ்சலா முற்றத்தில் வலையிலிருந்து நண்டுக் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமலினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்ன பிள்ளை, சொல்லாமக் கொள்ளாம? றொஜனும் பிள்ளையும் வரேல்லையோ? ஜெனிற்றா, அக்காவுக்குத் தேத்தண்ணி போடு."

ஜெனிற்றா அஞ்சலாவின் ஒரே மகள். இருபத்தாறு வயது. முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். சுவிசில் இருக்கும் ஒரு பெடியனுக்குப் பேசி ஏறக்குறைய முற்றாகியிருந்தது. பெடியனின் தாய் குருநகரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டும் போயிருந்தாள்.

ஜெனிற்றா குசினிக்குள் போனதும் நிமலினி வலைக்குப் பக்கத்தில் குந்தினாள். எப்படித் தொடங்குவது என்று பஸ்சில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"குஞ்சம்மா, கொழும்பில உங்களுக்கு எடுத்தது மார்பில எண்டு அக்கா சொன்னவ."

அஞ்சலாவின் கை நின்றது. குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"ஆர் சொன்னது? எமிலியோ? அவளுக்கு மருந்து தலைக்கேறிப் போச்சு."

"குஞ்சம்மா, உங்கட இரத்தம் கொஞ்சம் வேணும். அவ்வளவுதான். பேர் ஒருத்தருக்கும் தெரியவராது. எனக்கும் அக்காவுக்கும் இருக்கிற மாற்றம் உங்களுக்கும் இருக்கோ எண்டு பாத்தால்தான்..."

"எனக்கு ஒரு வருத்தமும் வரேல்லை." குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "கர்ப்பப்பையில கட்டி. எடுத்தது. முடிஞ்சுது. வாற மாதம் இவளுக்கு நிச்சயம் எழுத வருகினம். உங்கட அம்மா செத்த வீட்டிலயே நிண்டு, இது இவையின்ர பரம்பரை வருத்தம் எண்டு கதைச்ச சனம் இது. உன்ர இரத்தச் சோதினைக்காக என்ர பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கப் போறியோ?"

"எனக்கு நித்திரை இல்லை குஞ்சம்மா. அக்கா எல்லாத்தையும் வெட்டப்போறா."

"அது அவளின்ர விருப்பம். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ. இருட்ட முன்னம் போய்ச் சேர்."

ஜெனிற்றா தேத்தண்ணியைத் தந்துவிட்டுத் திரும்பவும் குசினிக்குள் போனாள். நிமலினி சுடச்சுட அதை விழுங்கிவிட்டு எழும்பினாள். புறப்படும்போது, கோபத்தோடே, அஞ்சலா ஒரு பையில் நண்டு போட்டுக் கையில் திணித்துவிட்டாள்.

அடுத்த கிழமைகள் நிமலினிக்கு இன்னும் மோசமாகப் போயின. எமிலியின் ஒபரேசன் முடிந்தது. கட்டிலில் சாய்ந்தபடி அவள் எடுத்த போனில் முகம் ஊதியிருந்தது. "இனிப் பயமில்லை" என்றாள். அந்தச் சொல் நிமலினியைப் பிடித்துக்கொண்டது. பயமில்லை என்று சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அக்கா அதைச் செய்துவிட்டாள். தான் மட்டும் ஏன் நண்டு நிறுத்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஒரு மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள், உடுப்பு மாற்றாமலே றொஜனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நானும் எடுக்கப் போறன்."

றொஜன் வலைக்கு ஈயம் கோர்த்துக்கொண்டிருந்தான். "என்னத்தை?"

"அக்கா எடுத்ததை. சிவரூபி டொக்ரரிட்டக் கேட்டு ஆரும் சத்திரசிகிச்சை டொக்ரரைப் பிடிக்கப் போறன்."

அவன் ஈயக்குண்டைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோபம் வருவது குறைவு. இப்போது வந்துவிட்டது. "நல்லா இருக்கிற உடம்பை வெட்டுறதோ? ஒருத்தரும் வெட்டு எண்டு சொல்லேல்லை!"

"வெட்டாத எண்டும் சொல்லேல்லை!"

"நிமலி, நீர் கொஞ்சம் இரும். இருந்து கதையும். எத்தினை நாளா நீர் இந்த வீட்டில இருந்து ஒரு பிடி சோறு திண்டனீர்? நிண்டு நிண்டுதான் திண்ணுறீர்."

அவள் இருக்க முயன்றாள். கதிரையில் இருந்ததும் கால் ஆடத் தொடங்கியது. அதைக் கையால் அமத்திப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. றொஜன் கோபத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். அவள் தலையில் கையை வைத்தான். "டெல்சிக்கும் இருக்குமோ எண்டு நினைச்சால்..." என்று அவள் தொடங்கி முடிக்கவில்லை. அவனும் அதை நினைத்திருந்தான். அதனால்தான் இவ்வளவு நாளும் அவன் அதைப் பற்றிக் கதைக்க விடாமல் இருந்தான்.

மறுநாள் சிவரூபியுடன் போனில் கதைத்தபோது, அவசரப்பட வேண்டாம் என்றே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "இந்த மாற்றத்தை வைச்சு ஒரு டொக்ரரும் உங்களை வெட்டச் சொல்ல மாட்டினம். வருசா வருசம் பாப்பம். அதுக்குள்ள விபரம் வரும்." விபரம் எங்கிருந்து வரும் என்று நிமலினி கேட்கவில்லை. குஞ்சம்மாவைப் பற்றி அவள் சிவரூபியிடம் சொல்லவும் இல்லை. சொல்ல அது அவளுடைய கதை இல்லை.

மண்டைதீவில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குக் குசினிக்குள் நின்ற ஜெனிற்றா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சில நாள் பொறுத்தாள். பிறகு தாயிடம் நேராகவே கேட்டாள். அஞ்சலா இல்லை என்றாள், கத்தினாள், செபமாலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். தகப்பன் அன்ரனிதாஸ் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காததிலேயே ஜெனிற்றாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்று பின்னேரம் அவள் சுவிஸ் பெடியனுக்குப் போன் எடுத்து, தன் தாய்க்கும் பெரியம்மாவுக்கும் பெரியம்மாவின் மகளுக்கும் இந்த வருத்தம் வந்ததென்று சொல்லிவிட்டாள். அம்மாவைக் கேட்கவில்லை. பெடியன் கவனமாகக் கேட்டான். அதொன்றும் பெரிய விசயமில்லை என்றான். அடுத்த நாள் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. நிச்சயம் எழுத வருவதாயிருந்த கிழமை, பெடியனுக்கு இப்போதைக்குக் கலியாண எண்ணம் இல்லையாம் என்று குருநகரிலிருந்து செய்தி வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, சங்கத்து வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு நிமலினி எட்டிப் பார்த்தாள். ஜெனிற்றா ஓட்டி வந்திருந்தாள். பின்னால் இருந்த அஞ்சலா இறங்கி, சேலையை உதறிக்கொண்டு நேராகத் தராசடிக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்க அந்த டொக்ரர்?"

"குஞ்சம்மா..."

"உனக்காக வரேல்லை. எமிலிக்காகவும் வரேல்லை. இவளுக்காக வந்தனான்." ஜெனிற்றாவைக் காட்டினாள். "இருவத்திநாலு வருசம் பொத்திப் பொத்தி வைச்சனான். இவள் ஒரு போனில முடிச்சிட்டாள். இனி ஆருக்கு மறைக்கிறது? வா, எடுக்கிற இரத்தத்தை எடுக்கச் சொல்லு."

நிமலினி லீவு சொல்லிவிட்டு அப்படியே புறப்பட்டாள். மோட்டார் சைக்கிளைச் சங்கத்தில் விட்டுவிட்டு மூவரும் பஸ் ஏறினார்கள். பஸ்சில் அஞ்சலா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நிமலினிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. எதற்கு என்று தெளிவாகத் தெரியவில்லை. பண்ணைப் பாலம் வந்தபோது, "சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். "ஓம்" என்றாள் அஞ்சலா.

சிவரூபியின் அறையில் அஞ்சலா லேசில் கையை நீட்டவில்லை. முதலில் கேள்விகள் கேட்டாள்.

"இந்த இரத்தம் எங்க போகும்?"

"ஒரு பங்கு இஞ்ச இருக்கும் அம்மா. அதில இருந்து எடுக்கிற விபரம் களஞ்சியத்துக்குப் போகும். உங்கட பேருக்குப் பதிலா ஒரு இலக்கம்தான் இருக்கும்."

"அதை ஆர் பாப்பினம்?"

"எந்த நாட்டிலயும் இந்த வருத்தத்தை ஆராயிறவை. என்னத்துக்குப் பாக்கினம் எண்டு ஒரு குழுவுக்கு எழுதிக் குடுத்து அனுமதி எடுக்கோணும். உங்களுக்குப் பேந்து வேண்டாம் எண்டு பட்டால் சொல்லுங்கோ, எடுத்துப் போடுவம்."

அஞ்சலா குளிர்ப்பெட்டியைப் பார்த்தாள். "எங்கட ஆக்கள் ஏன் இவ்வளவு நாளும் அதில இல்லை?"

"ஒருத்தரும் வந்து கேக்கேல்லை அம்மா. யுத்தக் காலத்தில ஆர் வந்து கேக்கிறது? முடிஞ்ச பிறகும் கேக்கேல்லை. கேட்ட இடத்தில ஆக்கள் சொல்லப் பயந்தவை."

"பயப்பிடாம என்ன செய்யிறது" என்று அஞ்சலா முணுமுணுத்தாள். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி வலக்கையை நீட்டினாள். எடுத்தது இடப்பக்கம் என்பதால் அந்தக் கையில் ஊசி குத்தக்கூடாது என்று கொழும்பில் சொல்லிவிட்டிருந்தார்கள். இத்தனை வருடமாக அதை அவள் ஒருநாளும் மீறவில்லை. இரத்தம் குழாயில் ஏறுவதை ஜெனிற்றா பார்த்துக்கொண்டு நின்றாள். நிமலினி பார்க்கவில்லை. யன்னலுக்குப் போய், கதவுக்குப் போய், திரும்ப யன்னலுக்கு வந்தாள்.

"இருங்கோ அக்கா" என்றாள் ஜெனிற்றா. "இரத்தம் குடுக்கிறது அம்மா. நீங்கள் ஏன் ஓடுறியள்?"

அதற்குப் பிறகும் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மாரி வந்தது. காற்றுக்கு வள்ளங்கள் இறங்கவில்லை. சங்கத்தில் வேலை குறைந்ததால் நிமலினிக்கு நினைக்க நேரம் கூடியது. சிவரூபியின் பேர் போனில் விழுந்தபோது அவள் டெல்சிக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். சீப்பை மகளின் தலையிலேயே செருகிவிட்டுப் போனை எடுத்தாள்.

"நேரில வாங்கோ. அஞ்சலா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பயப்பிட ஒண்டுமில்லை" என்றாள் சிவரூபி. கடைசிச் சொல்லை நிமலினி நம்பவில்லை.

இந்தத் தரம் றொஜனும் வந்தான். அறையில் கதிரை போதாமல் அவன் கதவடியில் நின்றான். சிவரூபி சுற்றி வளைக்கவில்லை.

"அஞ்சலா அம்மாவிட்ட அந்த மாற்றம் இல்லை."

அஞ்சலா நிமலினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதை மட்டும் வைச்சு முடிவு சொல்ல ஏலாது. ஆனால் இந்த வருசம் மலேசியாவில இருந்தும் கனடாவில இருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் களஞ்சியத்தில சேர்ந்திருக்கு. உங்கட அதே மாற்றம் அதில ஏழெட்டுப் பேரில இருக்கு. கனபேர் எழுவது, எம்பது வயதுக்காரர். வருத்தம் ஒண்டும் வரேல்லை. வருத்தம் வந்த சொந்தக்காரர் இரண்டு பேரிட்ட அந்த மாற்றம் இல்லை, இஞ்ச அஞ்சலா அம்மாவிட்ட இல்லாத மாதிரி. எல்லாத்தையும் சேர்த்துப் பாத்து, இது வருத்தத்துக்குக் காரணம் இல்லை எண்டு எழுதிப் போட்டினம்." சிவரூபி சிரித்தாள். "வாளைப்பளம்தான் நிமலினி."

றொஜன் கதவில் சாய்ந்தான். நிமலினி சந்தோசத்துக்காகக் காத்திருந்தாள். அது வந்தது, ஆனால் நினைத்த மாதிரி முழுதாக வரவில்லை.

"அப்ப எங்களுக்கு ஏன் வந்தது?" அஞ்சலாதான் கேட்டாள். "அக்காவுக்கு, எனக்கு, எமிலிக்கு?"

"தெரியாது அம்மா. வேற ஏதும் இருக்கலாம். இன்னும் கண்டுபிடிக்காத ஒண்டாயும் இருக்கலாம். உங்கட இரத்தம் களஞ்சியத்தில இருக்கிறதால, புதுசா ஒண்டு தெரியவரேக்க திரும்பிப் பாக்க ஏலும். அதுவரைக்கும் நிமலினியும் ஜெனிற்றாவும் வருசத்துக்கொருக்கா வந்து காட்டோணும். அதை விடக்கூடாது."

திரும்பவும் அதே தெரியாது. ஆனால் இந்தத் தரம் நிமலினி எழும்பி நடக்கவில்லை. அவள் எமிலியை நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து போன் எடுத்தாள். தள்ளிப்போட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது. டொக்ரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்ப நான் சும்மா வெட்டினனானோ?"

"இல்லை அக்கா. டொக்ரர் சொன்னவ, குடும்பத்தில மூண்டு பேருக்கு வந்தபடியால், உங்களுக்கும் ஒருக்கா வந்தபடியால், எடுத்தது பிழையெண்டு சொல்ல ஏலாது எண்டு..."

"பிழையெண்டு சொல்ல ஏலாது." எமிலி அந்தச் சொற்களைத் திருப்பிச் சொன்னாள். "நிமலி, சூலகம் எடுத்த நாள் தொடக்கம் எனக்கு இரவில உடம்பெல்லாம் நெருப்பா எரியுது. முட்டியெல்லாம் நோகுது. அறுவது வயதுக் கிழவி மாதிரி இருக்கிறன். இதெல்லாம் அந்த எழுத்தாலதானே எண்டு நினைச்சுத்தான் பொறுத்துக் கொண்டிருந்தனான்."

நிமலினி "அக்கா" என்றாள். போன் நின்றுவிட்டது. திரும்ப எடுத்தாள், எமிலி தூக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகும் எடுக்கவில்லை. தனக்கு நல்ல செய்தி வந்த அதே வாசலால் அக்காவுக்கு வேறொன்று போய்விட்டதை நினைக்க நினைக்க நிமலினிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இப்போது இருந்துதான் சாப்பிட்டாள். றொஜன் அதைக் கண்டான்.

மாசி மாதம் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நிமலினியும் ஜெனிற்றாவும் ஒன்றாகப் போனார்கள். அஞ்சலாவும் வந்தாள். தான் வராவிட்டால் ஜெனிற்றா பாதியில் திரும்பிவிடுவாள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். உண்மையில் பாதியில் திரும்பக்கூடியவள் நிமலினிதான், அது மூவருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நீண்ட மர வாங்கில் வரிசையாக இருந்தார்கள். ஜெனிற்றாவின் முறை முதலில் வந்து, முடிந்து, சிரித்துக்கொண்டு வந்தாள். அடுத்தது நிமலினி. உள்ளே படம் எடுக்கும் பெண் குளிர்ந்த தட்டில் மார்பை அமத்தி, மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். நிமலினி பிடித்தாள். பிறகு இன்னொரு அறை, இன்னொரு டொக்ரர். அவர் திரையை நேரமெடுத்துப் பார்த்தார். "ஒண்டும் இல்லை. அடுத்த வருசம் வாங்கோ" என்றார். அவ்வளவுதான். அவள் நன்றி சொல்லவும் மறந்து வெளியே வந்தாள்.

அஞ்சலா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றாள். "என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம் குஞ்சம்மா."

"ம். சரி, நட. பஸ்சுக்கு நேரமாகுது."

பஸ் நிலையத்துக்கு வந்தபோது நிமலினியின் போன் அடித்தது. பாரிஸ். அவள் எடுத்தாள்.

"இண்டைக்குத்தானே உனக்குச் சோதினை?" எமிலியின் குரல் கரகரத்தது. "என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம் அக்கா. ஜெனிற்றாவுக்கும் ஒண்டுமில்லை."

எமிலி மூச்சு விடுவது கேட்டது. "நல்லது" என்றாள். பிறகு, "நான் உன்னோட கோவிக்கேல்லை. ஆரோட கோவிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அதுதான் எடுக்கேல்லை" என்றாள்.

"தெரியும் அக்கா."

"ஆர் பக்கத்தில?"

"குஞ்சம்மா."

"குடு."

அஞ்சலா போனை வாங்கிக் காதில் வைத்தாள். இருவரும் கதைத்து எத்தனையோ வருடம். அஞ்சலா, "உனக்குக் கை வீங்குதோ?" என்று கேட்டாள். அங்கிருந்து ஏதோ பதில் வந்தது. "வீங்கும். படுக்கேக்க தலாணி ஒண்டை வைச்சுக் கையை உயத்தி வை. அந்தக் கையால வாளி கீளி தூக்கப்படாது. ... என்ன? எரியிறதோ? அதுவும் எனக்கு வந்தது பிள்ளை, எனக்கு மருந்தாலதான் வந்தது, இரண்டு வருசம். ஒருத்தருக்கும் சொல்லாமப் போய்க் கிணத்தில வாளி வாளியா அள்ளி ஊத்தினனான்... ஓம், ஒரு கையால. ... ஓம், பேந்து உங்கட அம்மாதான் எனக்கு அள்ளி ஊத்தினவ..."

ஊர்காவற்றுறை பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றி, ஹோர்ன் அடித்தது. ஜெனிற்றா தாயின் தோளைத் தொட்டாள். அஞ்சலா கையை உதறிவிட்டு, காதை இறுக்கப் பொத்திக்கொண்டு, சத்தம் குறைந்த பக்கமாக நடந்து போனாள்.

"விடும்" என்றாள் நிமலினி. "அடுத்த பஸ்சில போவம்."

பஸ் புறப்பட்டுப் போனது. இருவரும் நிழலில் வாங்கொன்று தேடி இருந்தார்கள்.